பச்சைக் கோட்டில் ஒரு பிள்ளை

"ஹலோ... ஹலோ... கங்காணிங்களா? ... ஆமா, ரெண்டு தடவ கூப்பிட்டது நான்தான். வைக்காதீங்க, தயவுசெஞ்சு வைக்காதீங்க. ... நிக்காசியோகிட்ட பேசணும். லோமா செக்காவுலேருந்து காப்பிப்பழம் பறிக்க வந்திருக்காரே, அவர். ... குட்டையா, இடது புருவத்துல தழும்பு. ... ஆமா, ஆமா, அவரேதான்."

ஒதிலியா முற்றத்தின் ஓரத்தில், சோளக் கதிர்க் கூடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இல்லீங்க, நான் அவரோட தொடுப்பு இல்ல. ... சிரிங்க, சிரிங்க. எனக்கு அம்பத்திரண்டு வயசு. ஊர்ல பிள்ளைங்கள எடை போடுறவ. அவர் மகனுக்கு ஞானத்தாய். ... வேலை நேரம்னு தெரியும். ... கங்காணி, உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா? ... எத்தன? ... அப்ப போய்க் கூட்டிட்டு வாங்க. இங்க அவர் பிள்ளை சாகக் கிடக்குது."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. பிறகு பூட்ஸ் காலடி. யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூவும் ஓசை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஹோண்டுராஸ் மலைகளில் அறுவடை உச்சத்தில் இருந்தது. இந்தப் பக்கம் குவாத்தமாலாவில், லோமா செக்காவில், கூலிக்குப் போகத் தெம்புள்ள ஆண் ஒருவன்கூட மிச்சம் இல்லை.

மணி பத்து நாற்பது. கீழே சாலை வளைவில் செலெதோனியோவின் பிக்கப் வண்டி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. பதினொன்றுக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் அடுத்த வண்டி வியாழக்கிழமை. இன்று திங்கள்.

வீட்டு வாசலில் எர்லிண்டா உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது. அவள் ரவிக்கைக்குள், தோலோடு தோல் ஒட்ட, இருபது மாதப் பையன் வில்மெர். தலையில் கம்பளிக் குல்லாய். வெளியே தெரிந்தது முகம் மட்டும்தான். அது முழு நிலவு மாதிரி உப்பியிருந்தது. அவன் தூங்கவில்லை. விழித்திருந்தான் என்றும் சொல்ல முடியாது.

"எர்லிண்டா, கரண்டிய நிறுத்தாத. சர்க்கரைத் தண்ணி, சொட்டுச் சொட்டா. அவன் முழுங்குறானான்னு பாத்துட்டு அடுத்தது. குளிரு உள்ள போகாம துணிய இறுக்கிக்க."

எர்லிண்டா தலையசைத்தாள். காலையிலிருந்து அவள் பேசிய பேச்சு அந்தத் தலையசைப்பு மட்டும்தான். பக்கத்துத் தூளியில் நான்கு மாதப் பெண்குழந்தை கால் உதைத்துக்கொண்டு கிடந்தது.

"கொம்பாத்ரே? ... நான் ஒதிலியா."

பிள்ளையைப் பெற்றவனும் ஞானத்தாயும் ஒருவரை ஒருவர் அந்த மலையில் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஞானஸ்நானத் தண்ணீர் குழந்தை தலையில் விழுந்த நாளிலிருந்து அவன் அவளுக்குக் கொம்பாத்ரேதான்.

"ஆமா, கர்த்தர் புண்ணியத்துல நான் நல்லாத்தான் இருக்கேன். ... அவங்களும் நல்லா இருக்காங்க. ... ஆடும் நல்லா இருக்கு. கொம்பாத்ரே, நலம் விசாரிக்க நேரமில்ல. மன்னிச்சுக்குங்க. வில்மெரக் கீழ டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். இப்ப. இந்த வண்டியில. நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லணும். ... உடம்பு சில்லிட்டுக் கிடக்கு. கால் வீங்கியிருக்கு, கை வீங்கியிருக்கு, முகம் வீங்கியிருக்கு. கால்ல தோல் உரியுது, வெயில்ல காஞ்ச பெயின்ட் மாதிரி. ... இல்ல, அழல. அழுதா நான் பயப்பட மாட்டேன்."

அவன் பேச ஆரம்பித்தான். ஒதிலியா கேட்டுக்கொண்டே வாசலைப் பார்த்தாள். எர்லிண்டாவின் கண்கள் போன்மேல் இருந்தன.

புருஷன் சொல்லாமல் பிள்ளையை மலையிறக்குவதில்லை. சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே போய்ப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால், யார் சொல்லிக் கொண்டுபோனாய் என்று ஒரு கேள்வி வரும். சாகும்வரை வந்துகொண்டே இருக்கும். காலையில் ஒதிலியா எவ்வளவோ கெஞ்சியும் எர்லிண்டா நிலைப்படியை விட்டு நகரவில்லை.

"பூச்சியா? ... கொம்பாத்ரே, பூச்சி இல்ல. ... வயித்துல பூச்சி கிளம்பினா கால் வீங்காது. ... கஷாயமா? அடுப்புல கொதிச்சுட்டு இருந்துச்சு. நான்தான் கொட்டினேன். ... ஆமா, உங்க வீட்டுச் சட்டிய உங்க வீட்டு முத்தத்துல கவுத்துட்டேன். வந்து சண்ட போடுங்க. பேதிக்குக் குடுத்தா அவன் உடம்புல இருக்குற கொஞ்ச நஞ்சமும் போயிடும். அரை மணி நேரம் தாங்க மாட்டான்."

அவன் நிறுத்தவில்லை. அடுத்த யோசனைக்குத் தாவினான்.

"யாரு, மருந்துக்கடை எஃப்ராயினா? ... மோட்டார்பைக்ல வந்து குளுக்கோஸ் ஏத்துவானா. ... ஐயோ, வேணாம். வேணவே வேணாம். ... காசு இல்ல பிரச்சனை. கேளுங்க. உடம்பு முழுக்கத் தண்ணி தேங்கி நிக்குது. நரம்பு வழியா இன்னும் தண்ணி ஏத்தினா நெஞ்சு நின்னுடும். ... இல்ல, கோழிச்சாறும் வேணாம். முட்டையும் வேணாம், இப்ப வேணாம். ... ஆமா, சாப்பாடு போதாமத்தான் வந்தது. ஆனா ஒரேயடியா சாப்பாடு போட்டாலும் செத்துடுவான். கீழ அளந்து பால் குடுப்பாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ, கொஞ்சூண்டு கொஞ்சூண்டு, ராத்திரி பகல் பாக்காம. மொதல்ல உடம்பச் சூடாக்குவாங்க, காய்ச்சல் உள்ள ஒளிஞ்சிருந்தா அதுக்கு மருந்து. அப்புறம்தான் மத்ததெல்லாம். அத இங்க என்னால செய்ய முடியாது. சர்க்கரைத் தண்ணி மட்டும்தான் என்னால முடியும்."

கீழேயிருந்து ஒரு ஹாரன். ஒதிலியா திடுக்கிட்டாள்.

"... டாக்டரம்மான்னு கேலி பண்றீங்களா. பண்ணுங்க. ... யார் சொன்னா நீங்க அவனப் பட்டினி போட்டீங்கன்னு? நான் சொல்லல. வயிறு நெறஞ்சுதான் இருந்திருக்கு. சோள ரொட்டி, உப்பு, காப்பித் தண்ணி. காலைல அது, மத்தியானம் அது. ரெண்டு வருஷமா மழ ஏமாத்திடுச்சு, பீன்ஸ் காய்க்கல. அடுத்தவ வயித்துல வந்ததும் இவனுக்குத் தாய்ப்பால் நின்னுடுச்சு. நீங்க என்ன பண்ணுவீங்க, அவ என்ன பண்ணுவா? ... கொம்பாத்ரே, அழாதீங்க. கங்காணி பாக்குறான் பாருங்க."

இப்போது சரியென்று சொல்லிவிடுவான் என்று ஒதிலியாவுக்குத் தோன்றியது.

சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னான். அதைக் கேட்டதும் ஒதிலியாவின் குரல் மாறியது.

"... உங்க அக்கா பிள்ளையா. ... தெரியும். ஆமா, அதே வீக்கம்தான். ... இல்ல. இல்ல கொம்பாத்ரே. சவப்பெட்டி கீழேருந்து வரல. பெட்டிய நம்ம ஊர்ல தச்சாங்க. நான் பக்கத்துல நின்னேன், ஆணி எடுத்துக் குடுத்தது நான். ... என்ன நடந்துச்சுன்னு உங்க அக்கா சொல்லலயா? நாலாம் நாள் வீக்கம் வடிஞ்சுது. தண்ணி வடிஞ்சா உள்ள எலும்பும் தோலும்தான இருக்கும்? அதப் பாத்து, கொழுகொழுன்னு கொண்டாந்த பிள்ளைய உருக்கிட்டாங்கன்னு கத்தி, சொல்லாமக் கொள்ளாமத் தூக்கிட்டு வந்துட்டாங்க. வந்த மறுநாள் போச்சு. ... சத்தியமா. ... வில்மெரும் அப்படித்தான் ஆவான். மொதல்ல எளைப்பான். அதப் பாத்து நீங்க பயப்படக்கூடாது. மூணு வாரம், நாலு வாரம் இருக்கணும். அவ அங்கயே தங்கலாம், படுக்க எடம் குடுப்பாங்க."

எர்லிண்டா அடுத்த கரண்டியை உதட்டருகே கொண்டுபோனாள். பாதி உள்ளே போனது. பாதி மோவாயில் வழிந்தது.

"கொம்பாத்ரே, மணி பத்து அம்பது. ... எப்போலேருந்தா? ... இப்பதான். இந்த வாரம். திடீர்னு வந்துடுச்சு."

சொல்லும்போதே அவளுக்குத் தெரியும், அது பொய். சின்னப் பொய். ஒரு உயிரைக் காப்பாற்றச் சொல்லும் பொய். அதைப் பேசும்போது முகத்தை எர்லிண்டாவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"... என்ன பூட்ஸ்? ... சந்தையிலயா. ... எப்ப? ... கிளம்புறதுக்கு முந்தின நாள். டிசம்பர்ல. ... ரப்பர் பூட்ஸ். ... கால் நுழையலயா."

வீங்கிய காலுக்குத்தான் அந்தப் பூட்ஸ் நுழையவில்லை என்று ஒதிலியாவுக்குப் புரிந்தது.

"... பிள்ளை வளந்துட்டான்னு நெனச்சீங்களா. ... சந்தோஷமாத்தான் இருந்திருக்கும். ... முடி வேற செம்பட்டை ஆச்சுன்னு, வெள்ளக்காரப் பிள்ளைன்னு தோள்ல தூக்கிட்டுச் சுத்தினீங்க, ஞாபகம் இருக்கு. ... ஆமா. நான்தான் எடை போட்டேன். ... ஆமா. எடை அட்டையில பச்சைக் கோட்டுக்கு மேல புள்ளி வெச்சது நான்தான்."

அவன் கேட்ட கேள்வி நேரான கேள்வி. அன்றைக்குத் தேறிவிட்டான் என்று சொன்ன வாய், இன்றைக்குச் சாகப்போகிறான் என்று சொல்கிறது. எந்த வாயை நம்புவது?

ஒதிலியா குரலைத் தாழ்த்தினாள்.

"கொம்பாத்ரே... நான் தப்புப் பண்ணிட்டேன். ... கேக்கலயா? ... என்ன சத்தம் அங்க, பழம் உரிக்கிற மெஷினா? ... கொஞ்சம் தள்ளி வாங்களேன். ... இன்னும் கேக்கலயா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னேன். எடை போட்டதுல நான் தப்புப் பண்ணிட்டேன்."

முற்றம் முழுக்கக் கேட்டது. வாசலில் கரண்டி தட்டில் விழும் சத்தமும் கேட்டது.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. பேச்சு தானாக வந்தது.

"அக்டோபர்ல எட்டு கிலோ. சிவப்பு. உடம்பு தேற நிலக்கடலப் பசை பாக்கெட் குடுத்தேன். டிசம்பர்ல ஒம்போதேகால். ரெண்டே மாசத்துல ஒண்ணேகால் கிலோ. எனக்குத் தல கால் புரியல. பள்ளிக்கூட உத்தரத்துல தராசு தொங்குது, சுத்தி இருவது பொம்பளைங்க. குண்டன் பாரு, குண்டன் பாருன்னு எல்லாரும் சொல்றாங்க. எர்லிண்டா கண் பட்டுடும்னு போர்வைய இழுத்து மூடிட்டா. அவன் தூங்கிட்டான் வேற. கால்ல கம்பளி சாக்ஸ். ... ஆமா, கழட்டணும். கழட்டிட்டு, ரெண்டு காலயும் கட்டவெரலால அழுத்தி, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணணும். பள்ளம் விழுந்தா அது சதையில்ல, தண்ணி. பயிற்சியில மொதல் நாள் சொல்லிக் குடுத்தது இதத்தான். ... ஏன் பண்ணலன்னா? அத்தன கண்ணு பாக்குறப்ப, தூங்குற பிள்ளையத் தாய்கிட்டேருந்து வாங்கி உரிச்சுப் பாக்க மனசு வரல. அவ ஏற்கெனவே பயந்துட்டு இருந்தா. நீங்களா இருந்தா உரிச்சிருப்பீங்களா? நம்ம ஊர்ல எவ உரிச்சிருப்பா? ... சரி, சாக்கு சொல்லல. அது என் வேலை. நான் பண்ணல. பச்சைன்னு எழுதினேன். பச்சைக்கு வந்தவனுக்குப் பாக்கெட் கிடையாது. அதையும் நிறுத்தினேன்."

மறுமுனையின் மெஷின் சத்தத்தை மீறி அவள் தொடர்ந்தாள்.

"இன்னிக்குக் காலைல அடுத்த எடைக்குக் கூப்பிடத்தான் வந்தேன். தொட்டேன், ஜில்லுன்னு இருந்தான். சாக்ஸக் கழட்டி அழுத்தினேன். என் வெரல் போன பள்ளம் மேல வரவேயில்ல கொம்பாத்ரே. ... திட்டுங்க. ... ஆமா. ... ஆமா, அதுவும் சரிதான். ... நான் அவனுக்கு ஞானத்தாய், ஆமா, மறக்கல. ... எங்கிட்ட நாப்பத்தொரு பிள்ளைங்க. நாளைக்கு வீடு வீடா போய் எல்லா சாக்ஸையும் கழட்டப் போறேன். செருப்பால அடிச்சாலும் கழட்டுவேன். ஆனா அது நாளைக்கு. இன்னிக்கு இவன் இருக்கணும். ... என்னை நம்ப வேணாம். என்னை நம்பச் சொல்லிக் கேக்கல. உங்க பூட்ஸ நம்புங்க. டிசம்பர்லயே வீங்கியிருக்கான்னு நீங்களே சொல்லிட்டீங்க, ஒன்றரை மாசமா உள்ளயே அரிச்சிட்டு இருக்கு."

இரண்டாவது ஹாரன். இந்த முறை நீளமாக. செலெதோனியோவுக்குப் பொறுமை கிடையாது என்பது மலை முழுக்கத் தெரிந்த விஷயம்.

"... யோசிக்கணுமா. எவ்வளவு நேரம்? ... அண்ணனக் கேட்டுட்டா? உங்க அண்ணன் எந்தத் தோட்டத்துல இருக்காரு? ... அடுத்த மலையிலயா. கொம்பாத்ரே, அதுக்குள்ள வண்டி போயிடும். நடந்தா ஆறு மணி நேரம். ஆறு மணி நேரம் இந்தக் குளிர்ல இவன் தாங்க மாட்டான். நான் முட்டி போட்டுக் கேக்குறேன். நெஜமா, முத்தத்துல முட்டி போட்டு இருக்கேன்."

நிஜமாகவே மண்டியிட்டிருந்தாள். எப்போது முழங்கால் மண்ணில் பட்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது ஒரு நிழல் அவள்மேல் விழுந்தது.

எர்லிண்டா எழுந்து வந்திருந்தாள். வில்மெரை மார்போடு வைத்துப் பெரிய சால்வையால் இரண்டு சுற்றுச் சுற்றி, தோளில் முடிச்சுப் போட்டிருந்தாள். ஒதிலியா அவள் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. பாதங்களைப் பார்த்தாள். வெறும் பாதங்கள், வெடித்த குதிகால்.

"... இருங்க கொம்பாத்ரே. ஒரு நிமிஷம். ... எர்லிண்டா, நான் உன்கிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கணும். எனக்குத் தைரியம் வரல. ... எர்லிண்டா."

எர்லிண்டா தூளிக்குப் போனாள். பெண்குழந்தையைத் தூக்கினாள். திரும்பி வந்து, ஒதிலியாவின் மடியில் இறக்கினாள். மரியாதையும் இல்லை, கோபமும் இல்லை. சுமையைப் பிரித்துக்கொள்கிற வேகம்தான் இருந்தது. பிறகு அவள் பாட்டுக்கு வேலியைத் தாண்டிப் பாதையில் இறங்கினாள்.

ஒதிலியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து ஓடினாள். சர்க்கரைத் தண்ணீர் டம்ளரையும் கரண்டியையும் ஒரே கையில் அள்ளினாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"ஹலோ... இருக்கேன், இருக்கேன். ... மூச்சு வாங்குது, அதான். இறக்கம். ... கிளம்பிட்டா கொம்பாத்ரே. ... யாரா? உங்க பொண்டாட்டிதான். ... இல்ல, நான் சொல்லல. நான் சொல்லித்தான் காலைலேருந்து கேக்கலயே. ... என்னைக் கேக்கல, உங்களையும் கேக்கல. ... பெரியவன் அவகிட்ட, சின்னது எங்கிட்ட. வில்மெர என் கையில குடுக்க மாட்டேன்னுட்டா. வாயால சொல்லல, தெரிஞ்சுது. ... செலெதோனியோ, நில்லு, நில்லுப்பா. ஆள் வருது. ... உங்கள இல்ல கொம்பாத்ரே, வண்டிக்காரன."

பாதையின் அடியில் பிக்கப்பின் பின்கதவு தெரிந்தது. மூட்டைகளுக்கு மேல் இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். எர்லிண்டா யார் கையையும் பிடிக்காமல், முழங்காலை ஊன்றி ஏறினாள். ஏறியதும் ரவிக்கைக்குள் குனிந்து மகன் மூக்கருகே தன் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ஒதிலியா அந்த ஒரு கணம் நின்றுவிட்டாள். எர்லிண்டா நிமிர்ந்து, கரண்டிக்காகக் கை நீட்டினாள். ஒதிலியா அதைக் கொடுத்துவிட்டு, குழந்தையோடு பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"... மூச்சு இருக்கு. இருக்கு. ... ஏறிட்டோம். ... கோவமா இருங்க. அறுவட முடிஞ்சு வாங்க, வந்து என்ன வேணா கேளுங்க. ... அவகிட்ட என்ன சொல்லணும்? ... சரின்னு சொல்லப் போறீங்களா, வேணாம்னு சொல்லப் போறீங்களா? ... எங்கிட்ட சொல்ல மாட்டீங்களா. அவகிட்டதான் சொல்வீங்க."

வண்டி உறுமியது. ஒதிலியா பார்த்தாள். எர்லிண்டாவின் ஒரு கை சால்வைக்குள் பிள்ளையின் முதுகைத் தாங்கியிருந்தது. மறு கை, குலுங்கும் வண்டியில், ஒரு கரண்டித் தண்ணீரைச் சிந்தாமல் அந்த உப்பிய உதடுகளை நோக்கிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

"இல்ல கொம்பாத்ரே. போனை அவகிட்ட குடுக்க முடியாது. ... கேக்குது, நீங்க சொல்றது கேக்குது. ... அவ ரெண்டு கையும் பிள்ளைமேல இருக்கு."

ஒதிலியா இணைப்பைத் துண்டித்தாள்.